ஒரு பேக்டிக்கா, இரண்டா? பைத்தான் நூலக ஆவணங்களில் இரு மார்க்கப் வடிவங்கள்

பைத்தான் நூலகம் ஒன்றின் ஆவணங்களைத் திருத்த உட்காருபவரின் பொறுமையை முதலில் சோதிப்பது பேக்டிக் (`) என்ற சின்னக் குறிதான். மார்க்டவுன் என்ற எளிய மார்க்கப் வடிவத்தில் ஒரு சொல்லை ஒற்றை பேக்டிக்குக்குள் வைத்தால் அது நிரல் எழுத்துருவில் வரும். ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்ட் என்ற மற்ற வடிவத்தில் அதற்கு இரட்டை பேக்டிக் வேண்டும். ஒற்றையாக விட்டால் வழக்கமான அமைப்பில் எச்சரிக்கைகூட வராது. சொல் சாய்வெழுத்தாக நிற்கும், அவ்வளவுதான். கிட்ஹப்பில் நாளெல்லாம் மார்க்டவுன் எழுதிப் பழகிய கை இந்தத் தவறைச் செய்யாவிட்டால்தான் ஆச்சரியம்.

அதற்காக ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. 2007இல் பைத்தான் தன் ஆவணங்களை லாடெக் என்ற பழைய வடிவத்திலிருந்து இதற்கு மாற்றியது. ஆவணப் பக்கங்களை உருவாக்கும் ஸ்ஃபிங்ஸ் கருவி பிறந்ததே அந்த வேலைக்காகத்தான். இதன் பலம் ரோல்களில், அதாவது ஒரு சொல் எந்த வகை என்று சொல்லும் குறிகளில், இருக்கிறது. ஃபங்ஷனுக்கு ஒன்று, கிளாஸுக்கு ஒன்று, மெத்தடுக்கு ஒன்று என்று குறித்துவிட்டால் எழுத்துருவோடு இணைப்பும் தானாக அமைகிறது. பெயர் மாறி இணைப்பு அறுந்தால் ‘நிட்பிக்கி’ அமைப்பு எச்சரிக்கிறது. எச்சரிக்கைகளைப் பிழைகளாக எண்ணச் சொன்னால் பக்கங்களை உருவாக்கும் பில்டே தோற்றுவிடும். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடிக்கும். முதல்முறை திருத்தம் அனுப்புபவருக்குப் பிடிக்காது.

மிஸ்ட் என்ற மார்க்டவுன் வகை அவருக்காகவே வந்ததுபோல இருக்கிறது: பழகிய மார்க்டவுன், அதற்குள்ளேயே ஸ்ஃபிங்ஸின் ரோல்கள். பயிற்சிப் பக்கங்களுக்கும் நிறுவல் குறிப்புகளுக்கும் இதுவே சுகம். ஆனால் சிக்கல் டாக்ஸ்ட்ரிங்கில், அதாவது நிரலுக்குள்ளேயே எழுதும் விளக்கத்தில், காத்திருக்கிறது. பக்கங்களையெல்லாம் மிஸ்டுக்கு மாற்றினாலும், ஆட்டோடாக் என்ற ஸ்ஃபிங்ஸ் நீட்சி நிரலிலிருந்து எடுத்துவரும் டாக்ஸ்ட்ரிங்குகளை ஸ்ஃபிங்ஸ் இயல்பாக ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டாகவே படிக்கிறது. ஒரே நூலகத்தில் ஒரே குறிக்கு இரண்டு பொருள்!

ஆகவே ஃபங்ஷன், கிளாஸ்களை விவரிக்கும் ஏபிஐ பக்கங்களே பெரும்பகுதியான நூலகத்துக்கு ரீஸ்ட்ரக்சர்டுடெக்ஸ்டையே சொல்வேன். ஒற்றை பேக்டிக்கின் இயல்பு ரோலை ‘எனி’ (any) என்று மாற்றிவிட்டால், பொருத்தமான பெயர் இருக்கும் இடத்தில் இணைப்பு கிடைக்கும். இல்லாத இடத்தில் எச்சரிக்கை வரும். அதுவரை பதுங்கியிருந்த பிழைகள் வரிசையாக வெளிவரும். முதல் நாள் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். ஒற்றை பேக்டிக்கே கூடாது என்பவர்களுக்கு ஸ்ஃபிங்ஸ்-லின்ட் என்ற பிழைதேடும் கருவியில் ஒரு சோதனை உண்டு. அதை நாமே இயக்கிக்கொள்ள வேண்டும்.

விளக்கக் கட்டுரைகள் மிகுந்த நூலகம் என்றால் மிஸ்டுக்குப் போகலாம். அப்போது டாக்ஸ்ட்ரிங், பக்கம் என்று பார்க்காமல் நிரல் சொற்களுக்கு எங்கும் இரட்டை பேக்டிக்கே போடச் சொல்லிவிடுங்கள். மார்க்டவுனும் அதை நிரல் எழுத்துருவாகவே காட்டும்.