துபாய்ச் சம்பளப் பாக்கி எடுத்துத் தருவதாகச் சொன்னவர்களிடம் 185,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம்

இன்று காலை கொட்டாஞ்சேனையில் அந்தக் கந்தோருக்குப் போனேன். ஷட்டர் பூட்டிக் கிடக்கிறது, பலகையையும் கழற்றிவிட்டார்கள். "போன கிழமையே சாமான் ஏற்றிவிட்டார்கள் தங்கச்சி, நாலைந்து பேர் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்" என்றார் கீழே ஃபோட்டோகொப்பிக் கடைக்காரர். 185,000 ரூபாய். அம்மாவின் காப்பு இரண்டும் இன்னும் அடகில் இருக்கின்றன.

தம்பி துபாயில் ஆறு வருடம் வேலை செய்தான். வேலை முடியும்போது கொடுக்க வேண்டிய சேவைக்காலப் பணத்தில் ஒரு சதம்கூடக் கொடுக்காமல் கம்பனி அனுப்பிவிட்டது. வெளிநாட்டுத் தொழில் வழக்குகள் பார்த்துக் கொடுக்கும் இடம் என்று முகநூலில் விளம்பரம் பார்த்துத்தான் போனோம்.

அந்த ஆள் முதலில் காசைப் பற்றிப் பேசவே இல்லை. கால்குலேட்டரை எடுத்தார். முதல் 5 வருடத்துக்கு வருடம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் வருடம் 30 நாள். தம்பிக்கு அடிப்படை 1,500 திர்ஹம். 6,750 திர்ஹம் என்று திருப்பிக் காட்டினார். வேலை முடிந்து 14 நாளுக்குள் கம்பனி இதைக் கட்டியிருக்க வேண்டும், "இது உங்கள் மகனுடைய காசு அம்மா" என்றார். அம்மா அழுதுவிட்டார். நாங்கள் விழுந்தது அங்கேதான், ஏனென்றால் அந்தக் கணக்கு சரி.

அப்புறம்தான் துபாய் கோர்ட் கட்டணம் என்றார். 100,000 திர்ஹமுக்கு மேற்படாத தொழிலாளர் வழக்குக்கு அங்கே கோர்ட் கட்டணமே கிடையாது! 21 நாள் கணக்கு தெரிந்தவருக்கு இது தெரியாதா? பற்றுச்சீட்டில் 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது' என்று எழுதியிருந்ததை வீட்டுக்கு வந்துதான் வாசித்தேன்.

அதற்குப் பிறகு நாலு மாதம் அலைந்தோம். ஃபைல் துபாய்க்குப் போய்விட்டது என்றார். மொழிபெயர்ப்பு முடியவில்லை என்றார். வெள்ளி, சனி அங்கே லீவு என்றார். 2022இலிருந்தே அங்கே சனி, ஞாயிறுதான் லீவு என்று தம்பி சொன்னதும் ஃபோனை வைத்துவிட்டார். கடைசியில் வாட்ஸ்அப்பிலும் பிளொக். வேலை முடிந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் காலத்தில்தான் இந்த நாலு மாதமும் கரைந்தது. 185,000 ரூபாயைவிட எனக்கு வயிறு எரிவது அதற்குத்தான்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. காசு கைக்கு வராமல் விசா கான்சல் பேப்பரில் 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வைக்காதீர்கள். அங்கே இருக்கும்போதே தொழில் அமைச்சில் புகார் கொடுங்கள். இங்கே வந்துவிட்டால் பத்தரமுல்லையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் இருக்கிறது, 1989 என்ற இலக்கத்துக்குக் கோல் எடுங்கள். கோர்ட் கட்டணம் என்று யாராவது கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள்.

அதே கந்தோரில் காசு கொடுத்தவர்கள் இருந்தால் பற்றுச்சீட்டோடு எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை பொலிசுக்குப் போகிறோம், சேர்ந்து போவோம்.