நீள நோட்டா, கலர் ஸ்டிக்கரா, முதல் பேச்சா?

சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம் குழந்தைகளுக்கான ஒரு சின்ன மனநல மையத்தில் காத்திருப்போர் பட்டியலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உளவியலாளர் வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். பள்ளி ஆசிரியர், அங்கன்வாடி டீச்சர், சில நேரம் பக்கத்து வீட்டு அத்தை என்று யார் யாரோ பிள்ளைகளை அனுப்பிவைப்பார்கள். பட்டியலை நடத்த மூன்று முறைகளை முயன்றுவிட்டு இப்போது மூன்றாவதில் நிற்கிறோம். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

முதலில் இருந்தது நீள நோட்டு. வந்த தேதிப்படி பெயரும் போன் நம்பரும், அவ்வளவுதான். யாராவது சிபாரிசோடு வந்தால் நோட்டைத் திருப்பிக் காட்டிவிடலாம், சண்டை வராது. ஆனால் இரண்டரை வயதாகியும் பேச்சு வராத குழந்தைக்கு ஆறு மாதக் காத்திருப்பு என்பது பிறந்ததிலிருந்து வாழ்ந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பரீட்சைக்குப் பயப்படும் பத்தாம் வகுப்புப் பையனையும் அந்தக் குழந்தையையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருந்தோம்.

அப்புறம் சிவப்பு, மஞ்சள், பச்சை ஸ்டிக்கர். அனுப்பியவர் எழுதிய சீட்டைப் படித்து அவசரத்துக்கு ஏற்ப நிறம் ஒட்டுவது. காகிதத்தில் நியாயமாகத்தான் தெரிந்தது. நடைமுறையில் வகுப்பில் பெஞ்சை உடைக்கிற பையன் சிவப்பு, வாயே திறக்காமல் ஒடுங்கிப்போன பெண் பிள்ளை பச்சை. சீட்டை எழுதுகிறவர் கண்ணுக்குச் சத்தம்தானே முதலில் படும்? போதாததற்கு வாராவாரம் புதுச் சிவப்பு வந்துகொண்டே இருந்ததால் பச்சை நகரவே இல்லை.

மூன்றாவது, இங்கிலாந்தில் ஆன் யார்க், ஸ்டீவ் கிங்ஸ்பரி என்ற இரண்டு குழந்தை மனநல மருத்துவர்கள் உருவாக்கிய ‘சாய்ஸ் அண்ட் பார்ட்னர்ஷிப்’ முறையிலிருந்து எங்களுக்கு ஏற்ற அளவு எடுத்துக்கொண்டது. வருகிற எல்லோரோடும் சீக்கிரமே ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுவது. என்ன கஷ்டம், குடும்பம் என்ன எதிர்பார்க்கிறது, இங்கே என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அப்போதே பேசியாகிவிடும். வளர்ச்சித் தாமதம் என்று தெரிந்தால் டிஇஐசி-க்கு, அதாவது அதற்கென்றே இருக்கிற அரசின் மாவட்ட மையத்துக்கு, வழி சொல்கிறோம். சிலருக்கு அந்த ஒரு பேச்சே போதுமாக இருக்கிறது. மற்றவர்கள் காத்திருக்கும் நாட்களில் வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

இதெல்லாம் சரி. ஆனால் என்னை இந்தப் பக்கம் இழுத்தது பராமரிப்பு. எந்த முறையாக இருந்தாலும் பட்டியல் பழசாகிக்கொண்டேதான் இருக்கும். பச்சை ஒட்டிய பிள்ளை மூன்று மாதத்தில் சிவப்பாகியிருக்கலாம். வேறு இடத்தில் காட்டிவிட்டு நமக்குச் சொல்லாமலும் இருந்திருக்கலாம். மாதம் ஒருமுறை ஒவ்வொருவருக்கும் போன் போட்டால்தான் தெரியும். ஸ்டிக்கர் காலத்தில் ‘இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்காவிட்டால் அடித்துவிடு’ என்று ஒரு விதி வைத்திருந்தோம். பட்டியல் அழகாகச் சுருங்கியது. யார் பெயர்கள் அடிபட்டன என்று பிறகு பார்த்தால் பாதிக்கு மேல் ஏற்காடு மலைக் குடும்பங்கள். காபி பறிப்பு நேரத்தில் பகலில் போனை எடுக்க ஆள் இருக்காது. ரீசார்ஜ் முடிந்து சில நாள் போனால் வருகிற அழைப்பும் நின்றுவிடும். “போன்ல காசு இல்ல சாமி, நீங்க கூப்பிட்டது எனக்கு எப்படித் தெரியும்?” என்று நாகலூர்ப் பாட்டி ஒருத்தி கேட்டாள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேரனைக் கூட்டிக்கொண்டு அவள் வந்திருந்தாள். நோட்டில் அவன் பெயர் மேல் சிவப்பு மையில் கோடு.

முதல் பேச்சு நடந்த குடும்பத்துக்கு நம் முகம் தெரியும், அவர்களே கூப்பிடுகிறார்கள். எப்போது கூப்பிட்டால் எடுப்பார்கள் என்பதும் அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது. கொலுசுப் பட்டறை வேலைக்காரர் என்றால் இரவு ஒன்பதுக்கு மேல்.

குறையும் உண்டு. மாதம் 12 பேர் வந்து 10 பேரைத்தான் பார்க்க முடிகிறது என்றால், எந்த முறையிலும் மாதம் இரண்டு பேர் சேர்ந்துகொண்டேதான் போவார்கள். முதல் பேச்சுக்கு எடுக்கும் நேரமும் சிகிச்சை நேரத்திலிருந்துதான் போகிறது. கவனிக்காவிட்டால் வாசலில் இருந்த வரிசை உள் அறைக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். ஆட்டிசம் மதிப்பீட்டுக்கு வருகிறவர்களுக்கு இந்த முறையால் பெரிய லாபம் இல்லை, அதற்குப் பல அமர்வுகள் வேண்டும். மலைக்கே போய் முதல் பேச்சு நடத்தியது இரண்டே தடவை. அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல மாட்டேன்.

தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்கு இந்த மூன்றுமே கிடையாது. நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவு. பேச ஆள் வேண்டுமென்றால் இரவு பகல் எந்நேரமும் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416.

கோடு போடும் விதியை எடுத்துவிட்டோம். இப்போது நம்பருக்கு மூன்று கட்டங்கள்: வீடு, பள்ளி ஆசிரியர், கிராம சுகாதார செவிலியர். மூன்றிலும் கேட்டுப் பார்க்காமல் யார் பெயரையும் எடுப்பதில்லை. பாட்டியின் பேரனுக்கு மூன்றாவது கட்டம்தான் எப்போதும் கைகொடுக்கிறது.