ஃபெரோத்தார்ன்: பிளாக்/ஒயிட் முதல் ஸ்வோர்ட்/ஷீல்ட் வரை நீண்ட காலம் ஆடியதில் தெரிவது

போக்கிமான் போட்டி ஆட்டங்களில் ஃபெரோத்தார்ன் என்ற முள் போக்கிமானைச் சுவர் (எந்த அடியையும் தாங்கி நிற்பது) என்று நினைத்து டீமில் சேர்ப்பவர்கள் சீக்கிரமே ஏமாந்துபோகிறார்கள். சுங்கச்சாவடி என்று நினைத்துக்கொண்டால் அதன் போக்கு பிடிபடும். எதிரி நின்றால் லீச் சீட் (எதிரி மேல் விதைத்து டர்னுக்கு டர்ன் உயிரை நம் பக்கம் இழுக்கும் மூவ்) உறிஞ்சும். மாற்றிக்கொண்டு போனால் உள்ளே வருவது ஸ்பைக்ஸை (எதிரி பக்கத் தரையில் நாம் விரிக்கும் முட்கள்) மிதிக்கும். தொட்டு அடித்தால் முள் குத்தும். எந்த வழியில் போனாலும் கட்டணம் உண்டு. இந்தக் கட்டணத்தை எத்தனை டர்ன் தொடர்ந்து வசூலிக்க முடியும் என்பதில்தான் இதை ஆடும் திறமை இருக்கிறது.

கீழே வரும் கணக்குகள் எல்லாம் 6-க்கு 6 சிங்கிள்ஸ் ஆட்டத்துக்கு, லெவல் 100-க்குப் போட்டவை. லெவல் 50-இல் எண்கள் மாறும், சதவீதம் ஏறக்குறைய அதேதான்.

அடிப்படை எண்கள்: எச்.பி. (உயிர்) 74, அட்டாக் 94, டிஃபென்ஸ் 131, ஸ்பெஷல் அட்டாக் 54, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 116, ஸ்பீட் 20. டைப் புல்லும் இரும்பும். தண்ணீர், மின்சாரம், பாறை, டிராகன், சைக்கிக், ஃபேரி, நார்மல், இரும்பு எல்லாம் பாதிதான் வலிக்கும், புல் கால்வாசி. விஷம் ஏறவே ஏறாது. உள்ளே நுழைபவரைக் குத்தும் ஸ்டெல்த் ராக் பாறைகள் எடுப்பதும் எச்.பி.யில் வெறும் 1/16. எச்.பி.யில் 252 ஈ.வி. (பயிற்சிப் புள்ளி) போட்ட ஃபெரோத்தார்னுக்கு எச்.பி. 352, அதில் 1/16 என்றால் 22. லெஃப்ட்ஓவர்ஸ் என்ற ஐட்டம் ஒரு டர்னுக்குத் திருப்பித் தருவதும் அதே 22. அதாவது உள்ளே நுழையும்போது பாறையில் இழந்ததை அந்த டர்ன் முடிவிலேயே மீட்டுவிடும். நம் பக்கம் எதிரி விரித்த ஸ்பைக்ஸ் ஒரு அடுக்கு இருந்தால் இந்தக் கணக்கு கெடும்: ஒவ்வொரு நுழைவிலும் 44 போகும்.

பலவீனம் இரண்டுதான், நெருப்பும் சண்டை டைப்பும். ஆனால் நெருப்பு 4 மடங்கு. ஸ்பெஷல் டிஃபென்ஸ் முழுதாக ஏற்றிய ஃபெரோத்தார்ன் மேல் ஸ்பெஷல் அடியை ஏற்றும் சாய்ஸ் ஸ்பெக்ஸ் போட்ட டிராகபல்ட், டிராக்கோ மீட்டியர் என்ற டிராகன் மூவை அடித்தால் 24 முதல் 29 சதவீதம் போகும். அதே டிராகபல்ட் ஃபயர் பிளாஸ்ட் அடித்தால் குறைந்தபட்ச அடியே 388, எச்.பி.யோ 352. ஃப்ளேம்த்ரோவர் என்றால் 320 முதல் 380 வரை, இரண்டில் ஒரு தடவை அதோடு கதை முடிந்துவிடும். எதிரே இருப்பவரிடம் நெருப்பு மூவ் இருக்கிறதா என்று தெரியாதவரை முதல் டர்னில் ப்ரொடெக்ட் (அந்த டர்ன் வரும் அடியைத் தடுக்கும் மூவ்) போடுவதுதான் புத்திசாலித்தனம். சாய்ஸ் ஸ்பெக்ஸ், சாய்ஸ் பேண்ட், சாய்ஸ் ஸ்கார்ஃப் மூன்றும் ஒரே மூவில் பூட்டிவிடும் ஐட்டங்கள் என்பதால், அந்த ஒரு ப்ரொடெக்டிலேயே எதிராளி எதில் பூட்டிக்கொண்டார் என்பது தெரிந்துவிடும். நெருப்பு என்றால் வெளியேறலாம், மற்றது என்றால் ஸ்பைக்ஸ் போடலாம்.

எபிலிட்டியில் (பிறவிக் குணம்) யோசிக்க ஒன்றுமில்லை, அயர்ன் பார்ப்ஸ்தான். தொட்டு அடிப்பவர் தன் மொத்த எச்.பி.யில் 1/8 இழப்பார். தொட்டவரைத் திருப்பிக் குத்தும் ராக்கி ஹெல்மெட்டும் போட்டால் இன்னொரு 1/6 சேர்ந்து 29 சதவீதம். அடிப்பவர் கையில் லைஃப் ஆர்ப் (ஒவ்வொரு அடிக்கும் போட்டவரின் எச்.பி.யில் 10 சதவீதத்தை விலையாக எடுக்கும் ஐட்டம்) இருந்தால் ஒரே அடியில் 39 சதவீதம் தானாகப் போகும். பல தடவை அடிக்கும் மூவுகளுக்கு ஒவ்வொரு அடிக்கும் தனித்தனியாகக் குத்தும் என்பதுதான் இதில் அருமை. உர்ஷிஃபுவின் சர்ஜிங் ஸ்ட்ரைக்ஸ் மூன்று அடி. முள் மட்டும் என்றால் 37.5 சதவீதம், ஹெல்மெட்டோடு 87.5. வீவைலின் ட்ரிபிள் ஆக்ஸலுக்கும் இதே நிலை. யூ-டர்ன் அடித்து ஓடுபவர்களும், ராபிட் ஸ்பின் சுற்றி ஸ்பைக்ஸைத் துடைக்க வருபவர்களும் இந்தக் கட்டணத்தைக் கட்டியே ஆக வேண்டும். புரொடெக்டிவ் பேட்ஸ் போட்டிருந்தால் மட்டும் தப்பிக்கலாம். பூகம்பம் (எர்த்குவேக்) தொடும் மூவ் இல்லை, அதற்கு முள் குத்தாது. இதை மறந்துவிட்டு, பூகம்பம் அடிக்கும் தரை டைப் கார்சாம்ப் முன்னால் ஹெல்மெட்டை நம்பி நிறுத்துபவர்கள் நிறைய.

கார்சாம்ப் என்று வந்ததால் அதையே வைத்து ஈ.வி. கணக்கையும் பார்த்துவிடலாம். 252 எச்.பி., 252 டிஃபென்ஸ், டிஃபென்ஸை ஏற்றும் ரிலாக்ஸ்ட் அல்லது இம்பிஷ் நேச்சர் (சுபாவம்) என்றால் டிஃபென்ஸ் 397. ஜாலி நேச்சர் கார்சாம்பின் பூகம்பம் 97 முதல் 115 வரை. லீச் சீட் விதைத்தாகிவிட்டது, லெஃப்ட்ஓவர்ஸ் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்.பி. 357 உள்ள கார்சாம்பிலிருந்து ஒரு டர்னுக்கு 44 வரும், லெஃப்ட்ஓவர்ஸ் 22, மொத்தம் 66. ஒரு டர்ன் அடி வாங்கி, அடுத்த டர்ன் ப்ரொடெக்ட் போட்டால் இரண்டு டர்னில் வரவு 132, செலவு அதிகபட்சம் 115. கார்சாம்ப் பூகம்பத்தையே நம்பி நின்றால் ஒன்பது டர்னில் தானே விழும்.

இதே இடத்தில் 252 ஈ.வி.யை ஸ்பெஷல் டிஃபென்ஸில் போட்டிருந்தால் டிஃபென்ஸ் 299தான், பூகம்பம் 129 முதல் 153. வரவு 132, செலவு பெரும்பாலும் அதைவிட அதிகம். மெல்ல மெல்லத் தேய்ந்துபோகும். ஆக டீமில் தரை டைப்புக்கு வேறு யாராவது இருந்தால் மட்டும் ஸ்பெஷல் டிஃபென்ஸ் பக்கம் போகலாம்.

மேலே சொன்ன சுழற்சியில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. ப்ரொடெக்ட் போடும் டர்ன் எதிராளிக்கு இலவச டர்ன். அதில் கார்சாம்ப் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் (அட்டாக்கை இரட்டிப்பாக்கும் மூவ்) ஆடிவிட்டால் அடுத்த பூகம்பம் 195 முதல் 229 வரை, அதாவது 55 முதல் 65 சதவீதம். ஒன்று விட்டு ஒரு டர்ன் ப்ரொடெக்ட் என்று கடிகாரம் மாதிரி ஆடினால் இரண்டாவது சுற்றிலேயே எதிராளி கண்டுபிடித்துவிடுவார். சில சமயம் அடி விழும் என்று தெரிந்தும் நாக் ஆஃப் (அடித்து எதிரியின் ஐட்டத்தைத் தட்டிவிடும் மூவ்) போட வேண்டும். அடுத்தடுத்து இரண்டு டர்ன் ப்ரொடெக்ட் வேண்டவே வேண்டாம், இரண்டாவது பலிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். ஃபயர் ஃபேங் வைத்திருக்கும் கார்சாம்பும் உண்டு: அது 172 முதல் 204 வரை, கிட்டத்தட்ட பாதி எச்.பி. தொட்டுக் கடிக்கும் மூவ் என்பதால் முள் குத்துவது மட்டும் ஆறுதல்.

நான்கு மூவ் எவை என்பதில் காலத்துக்குக் காலம் பதில் மாறியிருக்கிறது. லீச் சீடும் ஸ்பைக்ஸும் நிரந்தரம். (ஸ்டெல்த் ராக் வேறு யாரிடமாவது இருக்கட்டும். ஸ்பைக்ஸ் மூன்று அடுக்கு போட நேரம் கிடைக்கும் ஆட்கள் குறைவு.) ஸ்பைக்ஸ் ஒரு அடுக்கு 1/8, இரண்டு 1/6, மூன்று 1/4. மூன்றாவது அடுக்குக்காக உயிரைக் கொடுக்க வேண்டியதில்லை, இரண்டே போதும். மூன்றாவது பத்திரமான டர்ன் கிடைத்தால் மட்டும்.

ஸ்வோர்ட்/ஷீல்ட் கேமில் ஹெவி டியூட்டி பூட்ஸ் என்ற ஐட்டம் வந்ததும் ஸ்பைக்ஸின் மதிப்பு சரிந்தது. பூட்ஸ் போட்டவருக்குத் தரையில் கிடக்கும் எதுவும் வலிக்காது. அதனால்தான் மூன்றாவது இடம் நாக் ஆஃபுக்கு. முதலில் பூட்ஸைத் தட்டிவிடுங்கள், பிறகு ஸ்பைக்ஸ் போடுங்கள். வரிசை மாறினால் ஸ்பைக்ஸ் போட்ட டர்ன்கள் வீண். பறப்பவர்களுக்கும் லெவிட்டேட் (மிதக்கும் எபிலிட்டி) உள்ளவர்களுக்கும் ஸ்பைக்ஸ் படாது என்பதையும் டீமைப் பார்த்ததுமே எண்ணிக்கொள்ள வேண்டும். ஆறில் நான்கு பேர் பறப்பவர்கள் என்றால் அன்றைக்கு லீச் சீடும் நாக் ஆஃபும்தான் வேலை.

நான்காவது இடத்துக்குப் போட்டி அதிகம், மேலே சொன்ன ப்ரொடெக்டும் அதில் ஒன்று. பவர் விப் 120 பலம், 85 சதவீதம்தான் படும், தண்ணீர் டைப்பை வெளுக்கும். பாடி ப்ரெஸ் ஸ்வோர்ட்/ஷீல்டில் டி.ஆர். (மூவ் கற்றுத்தரும் ஐட்டம்) 99 ஆகக் கிடைத்தது. அட்டாக்குக்குப் பதில் டிஃபென்ஸை எடுத்துக்கொள்ளும் என்பதால் ஒரு ஈ.வி.கூட அட்டாக்கில் போடாமல் அடிக்க முடிகிறது. டிஃபென்ஸ் 397 உள்ள ஃபெரோத்தார்னின் பாடி ப்ரெஸ், நெருப்பும் இரும்புமான, எச்.பி. 323 உள்ள ஹீட்ரானுக்கு 184 முதல் 218 வரை கொடுக்கும். முன்பெல்லாம் பயமே இல்லாமல் உள்ளே வந்த ஹீட்ரான் இப்போது வரும் டர்னிலேயே பாதிக்கு மேல் இழக்கலாம். எரிகாயம் பட்டால் பாடி ப்ரெஸும் பாதியாகும். ஸ்கால்ட் அடிக்கும் தண்ணீர் டைப் முன்னால் "தண்ணீர்தானே" என்று நுழையும்போது 30 சதவீத எரிகாய வாய்ப்பை நினைவில் வைக்க வேண்டும்.

ஜைரோ பால் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகம் தப்பாகப் பயன்படுத்தப்படும் மூவ் இதுதான். பலம் = 25 × எதிரியின் ஸ்பீட் ÷ நம் ஸ்பீட் + 1, உச்சம் 150. ஸ்பீட் ஐ.வி. (பிறவியிலேயே வரும் புள்ளி) 0, ஸ்பீடைக் குறைக்கும் நேச்சர் என்றால் ஃபெரோத்தார்னின் ஸ்பீட் 40. ஸ்பீட் 333 உள்ள கார்சாம்ப் மேல் உச்சபட்ச 150 கிடைக்கும். ஐ.வி. 31, சாதாரண நேச்சர் என்று விட்டுவிட்டால் ஸ்பீட் 76, அதே கார்சாம்ப் மேல் பலம் 110தான். எதிரியின் ஸ்பீட் 239 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் முழுப் பலன். மெதுவான டாக்ஸபெக்ஸ் மேல் வெறும் 67. தண்டர் வேவையும் ஜைரோ பாலையும் ஒரே செட்டில் வைப்பது ஒன்றையொன்று கெடுக்கும்: முடக்கப்பட்ட கார்சாம்பின் ஸ்பீட் பாதியாகி, ஜைரோ பால் 104-க்கு இறங்கிவிடும்.

ஸ்வோர்ட்/ஷீல்ட் கேமுக்குள்ளேயே வளர்ப்பவர்களுக்கு: லீச் சீடும் ஸ்பைக்ஸும் ஃபெரோசீடுக்கு (ஃபெரோத்தார்னின் முந்தைய வடிவம்) முட்டை வழியாக வருபவை. ஸ்பீட் 0 வேண்டுமென்றால் அந்த ஐ.வி. உள்ள பெற்றோர் கையில் பவர் ஆங்க்லெட் கொடுங்கள், மற்றவர் கையில் நேச்சரைக் கடத்தும் எவர்ஸ்டோன். ஐ.வி. காட்டும் ஜட்ஜ் திரையில் ஸ்பீடுக்கு "நோ குட்" என்று வர வேண்டும். நேச்சர் தவறினால் அதன் பலனை மாற்ற மின்ட் இருக்கிறது. வைட்டமின் 26 போட்டால் ஒரு ஸ்டாட்டுக்கு 252 நிரம்பும். ஃபெரோசீட் லெவல் 40-இல் பரிணமிக்கும். லெவல் 100 வந்தபின் ஹைப்பர் ட்ரெய்னிங்குக்கு (ஐ.வி.யை உச்சமாக்கும் பயிற்சி) தங்க பாட்டில் கேப்பைக் கொடுத்துவிடாதீர்கள். அது ஸ்பீடையும் சேர்த்து உச்சத்துக்கு ஏற்றிவிடும், பிறகு இறக்க வழியில்லை. சாதாரண கேப்பை எச்.பி., அட்டாக், டிஃபென்ஸ், ஸ்பெஷல் டிஃபென்ஸ் என்று தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். ஜைரோ பால் இல்லாத செட் என்றால் இந்தப் பாடு எதுவும் தேவையில்லை.

காலப்போக்கில் என்ன மாறியது? 2010-இல் பிளாக்/ஒயிட்டில் வந்தபோது மழைதான் இதன் கவசம். ட்ரிஸில் எபிலிட்டி உள்ள பொலிடோட் கொண்டுவந்த மழை நிற்கவே நிற்காது, அதில் நெருப்பு பாதியாகும், 4 மடங்கு 2 மடங்காகும். பக்கத்தில் ஜெல்லிசென்ட் நின்றால் இன்னும் நல்லது: நெருப்பைத் தாங்கும், சண்டை டைப் படாது, பேய் என்பதால் ராபிட் ஸ்பின்னையும் தடுக்கும். 2013-இல் எக்ஸ்/ஒய் வந்ததும் எபிலிட்டி மழை 5 டர்னோடு நின்றது. இரும்பு டைப் பேயையும் இருளையும் தாங்கும் குணத்தை இழந்தது. டிஃபாக் என்ற மூவ் இருபக்கத் தரையையும் துடைக்க ஆரம்பித்தது, பேய் நின்று தடுத்துப் பயனில்லை. ஈடாகக் கிடைத்தவை ஃபேரியைத் தாங்கும் சக்தியும், பொடி மூவுகள் புல் டைப்புக்குப் படாது என்ற விதியும். ஸ்வோர்ட்/ஷீல்டில் ஹிடன் பவர் (வேண்டிய டைப்பில் அமைக்கக்கூடிய மூவ்) நீங்கியது பெரிய நிம்மதி. அதுவரை யார் வேண்டுமானாலும் ஹிடன் பவர் ஃபயரை ஒளித்து வைத்திருக்கலாம் என்ற பயம் ஒவ்வொரு டர்னிலும் இருந்தது.

மேக்னசோன் மட்டும் எல்லாத் தலைமுறையிலும் தலைவலி. அதன் எபிலிட்டியான மேக்னட் புல் இரும்பு டைப்பை வெளியேற விடாது. ஹிடன் பவர் போனபின் அதுவே அயர்ன் டிஃபென்ஸ் ஏற்றி பாடி ப்ரெஸ் அடிக்கக் கற்றுக்கொண்டது. ஷெட் ஷெல் போட்டால் தப்பிக்கலாம், ஆனால் டர்னுக்கு 22 எச்.பி. கொடுக்கும் லெஃப்ட்ஓவர்ஸை விட்டுக்கொடுக்க வேண்டும். டீம் முழுவதும் ஃபெரோத்தார்னை நம்பி நின்றால் ஷெட் ஷெல், இல்லையென்றால் மேக்னசோனை அடிக்க ஒரு தரை டைப் வைத்துக்கொண்டு லெஃப்ட்ஓவர்ஸிலேயே இருப்பது மேல். சிண்டரேஸிடமும் எச்சரிக்கை: கோர்ட் சேஞ்ச் போட்டால் நீங்கள் பாடுபட்டு விரித்த ஸ்பைக்ஸ் அப்படியே உங்கள் பக்கம் வந்துவிடும். நெருப்பு டைப் வோல்கரோனா முன்னால் ஒரு டர்ன்கூட நிற்கக் கூடாது, பலத்தை ஏற்றும் அதன் குவிவர் டான்ஸுக்கு இதைவிட வசதியான எதிரி கிடையாது.

லீச் சீட் புல் டைப்புக்கு ஒட்டாது, சப்ஸ்டிட்யூட் என்ற பொம்மைக்குப் பின்னால் இருப்பவருக்கும் ஒட்டாது. நேரடி அடி தவிர எதுவும் வலிக்காத மேஜிக் கார்ட் எபிலிட்டி உள்ள கிளெஃபேபிளிடமிருந்து ஒன்றும் வராது. மாறாக, எச்.பி. 704 வரை போகும் சான்சி மேல் விதைத்தால் ஒரு டர்னுக்கு 88 வரும். எதிராளி டீமில் அப்படி ஒரு பெரிய உடம்பு இருந்தால் ஃபெரோத்தார்னுக்கு அதுதான் மருத்துவமனை. வேறு நம்பகமான மீட்பு இதற்கு இல்லை. அடிபட்டால் அடிபட்டதுதான். பாதி எச்.பி.க்குக் கீழே இறங்கியதும் டாக்ஸபெக்ஸையோ நெருப்பே படாத ஃப்ளாஷ் ஃபயர் எபிலிட்டி உள்ள ஹீட்ரானையோ முன்னே விட்டுவிட்டு, தண்ணீர் அல்லது மின்சார மூவ் வரும் டர்ன் பார்த்துத்தான் மறுபடி உள்ளே கொண்டுவர வேண்டும். எதிராளியிடம் இன்னும் ஒரு வேகமான தொட்டு அடிப்பவர் மிச்சம் இருக்கும்வரை, 10 சதவீத எச்.பி.யில் கிடக்கும் ஃபெரோத்தார்னைக்கூட வீணாகப் பலிகொடுக்காதீர்கள். விழும் அடியிலும் அயர்ன் பார்ப்ஸ் குத்தும்.