ராத்திரி ஷிஃப்டில் மெஷின் நின்றால் யார் பார்ப்பது? பிஎல்சியா, சொந்த போர்டா?

8 சென்சார், 6 சாலினாய்டு வால்வு (காயிலுக்குக் கரண்ட் கொடுத்து இயக்கும் வால்வு), ஒரு விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்). இந்த அளவுள்ள பேக்கிங் மெஷினுக்குச் சின்ன பிஎல்சி (மெஷின்களை ஓட்டவென்றே ரெடிமேடாக வரும் கண்ட்ரோலர்) போடலாமா, மைக்ரோகண்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய சின்ன கம்ப்யூட்டர்) வைத்து நாமே ஒரு போர்டு செய்யலாமா? விலையில் போர்டுதான் மலிவு, அதில் பேச்சே இல்லை. ஆனாலும் என் ஓட்டு பிஎல்சிக்கு.

காரணம் பராமரிப்பு. ராத்திரி 2 மணிக்கு மெஷின் நிற்கிறது. பிஎல்சியில் ஒவ்வொரு இன்புட்டுக்கும் ஒரு எல்இடி உண்டு. சிலிண்டரின் தண்டு முழுதாக வெளியே வந்தும் அதற்கான எல்இடி எரியவில்லை என்றால் ரீட் சுவிட்ச் (தண்டு எங்கே இருக்கிறது என்று காந்தத்தால் உணரும் சென்சார்) நகர்ந்திருக்கும், இல்லை ஒயர் அறுந்திருக்கும். எரிந்தும் அடுத்த ஸ்டெப் போகவில்லையா? லேப்டாப்பை மாட்டி மானிட்டர் மோடில் லேடரைத் (ஏணி போல வரையும் பிஎல்சி புரோகிராம்) திறந்தால் எந்தக் காண்டாக்டில், அதாவது எந்த நிபந்தனையில், ரங் (ஏணியின் ஒரு படி) நிற்கிறது என்று ஷிஃப்ட் எலக்ட்ரீஷியனுக்கே தெரிந்துவிடும். யூனிட்டே போனாலும் அதே மாடலில் ஒரு ஸ்பேர் இருந்தால் புரோகிராமை இறக்கி ஓட்டிவிடலாம். பேக்கப்பும் கேபிளும் பேனல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். மெஷின் கட்டியவர் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டுப் போயிருந்தால் இந்தச் சௌகரியத்தில் பாதி போச்சு.

போர்டுக்குப் புரோகிராம் எழுதியவர் வேலை மாறினால் சோர்ஸ் கோடும் அவரோடு போகும். சிப்பிலிருந்து எடுக்க முடிந்தாலும் கையில் வருவது ஹெக்ஸ் ஃபைல்தான், சிப்புக்குப் புரியும் வெறும் எண்கள். 2021 சிப் தட்டுப்பாட்டில் பிஎல்சியும் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் இத்தனை சின்ன லேடரை வேறு பிராண்டுக்கு மாற்றி எழுதிவிடலாம். சிப் மாறினால் போர்டையே மறுபடி வரைய வேண்டும்.

போர்டில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: உற்பத்தி எண்ணிக்கையை நொடிக்கொரு முறை ஒரே இஇபிராம் (கரண்ட் போனாலும் அழியாத மெமரி) முகவரியில் எழுதுவது. ஏடிமெகா328 என்ற மைக்ரோகண்ட்ரோலரில் அதற்கு உத்தரவாதம் 1,00,000 முறைதான். 28 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அடுத்தது, வால்வு ஆஃப் ஆகும்போது எழும் ஸ்பைக்கில் (திடீர் வோல்டேஜ் எழுச்சி) போர்டு ரீசெட் ஆவது. ஒவ்வொரு டிசி காயிலுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு, இன்புட்டுக்கு ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக சிக்னலைக் கடத்தி மின் தொடர்பைப் பிரிப்பது), வாட்ச்டாக் (புரோகிராம் உறைந்தால் ரீசெட் செய்யும் டைமர்) எல்லாம் சேர்க்கச் சேர்க்க விலை வித்தியாசமும் சுருங்கும்.

ஒரே டிசைனை நூற்றுக்கணக்கில் விற்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவருக்கு போர்டுதான். வேகத்திலும் அப்படியே. ஒரு சுற்றுக்கு 1000 பல்ஸ் தரும் என்கோடர் (சுழற்சியை அளக்கும் சென்சார்) 1500 ஆர்பிஎம்மில் சுற்றினால் நொடிக்கு 25,000 பல்ஸ். பிஎல்சியின் சாதாரண இன்புட் இதைப் பிடிக்காது, ஹைஸ்பீடு கவுண்டர் உள்ள மாடல் வேண்டும். மைக்ரோகண்ட்ரோலர் டைமருக்கு இது சர்வசாதாரணம். அப்படி ஒரு தேவை வந்தால் எண்ணுவதை மட்டும் போர்டுக்குக் கொடுத்து, ஆர்எஸ்485 ஒயரில் மோட்பஸ் (கருவிகள் பேசிக்கொள்ளும் மொழி) வழியாக பிஎல்சிக்கு அனுப்பலாம். வால்வுகள் பிஎல்சியிடமே இருக்கட்டும். எமர்ஜென்சி ஸ்டாப்பை மட்டும் இரண்டையும் நம்பி விடாமல், சேஃப்டி ரிலே (பாதுகாப்புக்கென்றே செய்த தனி ரிலே) வழியாக நேரடி ஒயரிங்கில் போடுங்கள்.