கிரேக்க வெண்கல நாணய லாட்: பாதி உண்மையைச் சொல்லியே தலையில் கட்டுகிறார்கள்

"பழைய ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து, 7 கிரேக்க வெண்கல நாணயங்கள், அசல் என்ற உத்தரவாதத்துடன்" என்று இணையத்தில் விற்கப்பட்ட ஒரு லாட்டை (மொத்தமாக விற்கும் தொகுப்பை)ப் பற்றிய எச்சரிக்கை இது. ஏழில் இரண்டு வார்ப்புப் போலிகள். ஒன்று வெண்கலமே இல்லை. ஒன்று உளி வைத்துத் திருத்தப்பட்டது. இன்னொன்றுக்கு வெண்கல நோய், அதாவது செம்பைத் தின்னும் பச்சை அரிப்பு. மீதி இரண்டும் அசல்தான், ஆனால் தனியாக விற்றால் யாரும் திரும்பிப் பார்க்காத அளவுக்குத் தேய்ந்த மக்கெடோனியக் காசுகள். விளம்பரத்தில் முன்பக்கப் படமும் பின்பக்கப் படமும் மட்டுமே இருந்தன. விளிம்புப் படம், எடை, விட்டம் எதுவும் இல்லை.

முதலில் அந்த இரண்டு வார்ப்புகள். மக்கெடோனியாவின் இரண்டாம் பிலிப் (கி.மு. 359–336) வெளியிட்ட வகை: ஒரு பக்கம் தலையில் பட்டை கட்டிய அப்பல்லோ, மறுபக்கம் குதிரை மேல் இளைஞன். இரண்டின் எடை 5.42 கிராம், 5.47 கிராம். இந்த வகைக்கு 5 முதல் 7 கிராம் வரை சகஜம் என்பதால் தராசில் இரண்டுமே தேறிவிட்டன. கிரேக்க வெண்கலத்தை வெள்ளிபோல ஒவ்வொன்றாக எடைபோட்டு வெளியிடவில்லை, எடை கூடக் குறைய இருக்கும். எனவே எடை சரியாக இருப்பது அசலுக்குச் சான்று ஆகாது.

காட்டிக்கொடுத்தது விரிசல். இரண்டு காசிலும் கடிகாரத்தில் 5 இருக்கும் இடத்தில், ஒரே நீளத்தில் ஒரே விரிசல். அப்பல்லோவின் கன்னத்தில் ஒரே கீறல். பின்பக்கத்தில் குதிரையின் முன்கால்கள் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டிருந்தன. இதைச் சுட்டிக்காட்டியதும் விற்றவர் தந்த பதில்: "ஒரே அச்சில் அடித்த ஜோடி, கிடைப்பது அரிது, உங்களுக்கு லாபம்தான்." ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் காசு அடித்தது உண்மை. ஆனால் அச்சு ஒன்றானால் உருவம் மட்டுமே ஒன்றாகும். சுத்தியல் அடி விழும்போது வில்லை (அச்சு பதிக்கும் வெறும் உலோகத் தட்டு) எங்கே பிளக்கும், உருவம் எந்தப் பக்கம் நகரும், பிறகு இரண்டாயிரம் ஆண்டில் எங்கே கீறல் விழும் என்பதெல்லாம் காசுக்குக் காசு மாறும். விரிசலும் கீறலும் சேர்ந்து ஒத்துப்போனால் ஒரே அசலிலிருந்து எடுத்த அச்சுவார்ப்பு என்று பொருள், வேறு விளக்கம் கிடையாது.

விளிம்பைச் சுற்றி ஓடிய மெல்லிய கோட்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார்: "அந்தக் காலத்தில் வில்லையை வார்த்துத்தானே எடுத்தார்கள்." இதுவும் பாதி உண்மை. வில்லைகளைச் சங்கிலியாக வார்த்து வெட்டியதால் எகிப்தை ஆண்ட டாலமி, சிரியாவை ஆண்ட செலூசிட் ஆகிய கிரேக்க வம்சங்களின் காசுகளில் எதிரெதிர் ஓரங்களில் சிறு முளை மிஞ்சியிருப்பதைப் பார்க்கலாம். அது உண்மையான அடையாளம். ஆனால் வார்த்த வில்லை பிறகு அடி வாங்குகிறது, உலோகம் வெளிப்பக்கமாகப் பிதுங்குகிறது. அத்தனைக்கும் பிறகு விளிம்பு முழுக்கச் சுற்றும் கோடு கூர்மையாக நிற்காது. 10 மடங்கு லென்ஸில் பார்த்தால், அடித்த காசில் எழுத்திலிருந்து விளிம்பு நோக்கி உலோகம் ஓடிய மெல்லிய இழைகள் தெரியும். இந்த இரண்டில் இழை இல்லை. எழுத்துகளின் ஓரம் கரைந்த சோப்புபோல மழுங்கி, இடையிடையே குமிழிக் குழிகள். விளிம்பில் ஒரே திசையில் அரத் தடம், அதன் மேலே பச்சைச் சாயம். (கருங்கடல் ஓரத்து ஓல்பியாவின் டால்பின் வடிவக் காசுகள் போன்ற சில அசலே வார்ப்புதான், அங்கே இந்த விதியைப் போடாதீர்கள்.)

சாயத்தைப் பிடிக்க அசிட்டோன் போதும். கண்ணாடிக் கிண்ணத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புப் பக்கம் போகாமல் செய்யவும். பஞ்சில் தொட்டுத் துடைத்தால் காலப்போக்கில் படிந்த அசல் பச்சைப் படலம் அசையாது. இங்கே பஞ்சு பச்சையாகவே வந்தது. நிறமில்லாத மெழுகோ லாக்கரோ கரைந்து வந்தால் பதற வேண்டாம், நேர்மையான வியாபாரிகளும் அதைப் பூசுவார்கள்.

அடுத்து டாலமியின் பெரிய காசு: ஜூஸ்-அம்மோன் தலை, இடிமின்னல் மேல் கழுகு, விட்டம் 42 மி.மீ. இருபுறமும் நடுவில் குழி இருப்பதால் அசல் என்று விளம்பரம் சொன்னது. டாலமி வெண்கலங்களில் நடுக்குழி இருப்பது உண்மைதான், ஆனால் அச்சுவார்ப்பு குழியையும் சேர்த்தே நகலெடுக்கும். இந்த அளவுக்கு 65–70 கிராம் எதிர்பார்க்கலாம், இது 52 கிராம். தண்ணீர்க் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, காசை நூலில் கட்டி அடியில் தொடாமல் மூழ்கவிட்டபோது 7.8 கிராம் காட்டியது. 52-ஐ 7.8-ஆல் வகுத்தால் அடர்த்தி 6.7. வெண்கலம் 8.5-க்கு மேலே வர வேண்டும், ஈயம் கலந்திருந்தால் இன்னும் கூடும். 6.7 என்பது துத்தநாகக் கலவையின் எண். உள்ளே அரித்துப்போன காசில் எண் கொஞ்சம் இறங்கும் என்பதால் 8-க்குப் பக்கத்தில் வந்தால் அவசரப்பட வேண்டாம். சோதனைக்குக் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்தவும், குழாய்த் தண்ணீரின் குளோரின் வெண்கலத்துக்கு ஆகாது.

பழகியவர்களையும் ஏமாற்றக்கூடியது நான்காவது. சிசிலித் தீவின் சிராக்கூஸ் மன்னன் இரண்டாம் ஹியெரோனின் காசு, கடல் தெய்வம் போசைடன் தலையும் திரிசூலமும். காசு அசல், அழகு போலி. தேய்ந்துபோன தலைமுடிச் சுருள்களையும் திரிசூலத்தின் இருபக்க டால்பின்களையும் ஊசி உளியால் மறுபடி செதுக்கியிருந்தார்கள். மூக்கும் கன்னமும் மழுங்கிக் கிடக்க முடி மட்டும் நேற்று அடித்ததுபோல இருந்தால் சந்தேகப்பட வேண்டும். மேடான இடம்தான் முதலில் தேயும், பள்ளம் மட்டும் புதிதாக ஆழமாவதில்லை. படத்தை ஒரு பக்கம் சாய்ந்த வெளிச்சத்தில் கேட்டு வாங்கினால் சுரண்டி மட்டமாக்கிய தளமும் உளிக்கோடும் தெரியும். நேர் வெளிச்சத்தில் எதுவும் தெரியாது.

ஐந்தாவது, கருங்கடல் ஓரத்துப் பொன்டஸ் நாட்டின் அமிசோஸ் நகரக் காசு, மன்னன் ஆறாம் மித்ரிடாட்டிஸ் காலம். நடுவில் கோர்கன் என்ற அரக்கியின் முகம் வைத்த ஏஜிஸ் (தெய்வங்களின் தோல் கவசம்), பின்பக்கத்தில் பனையோலை ஏந்திய வெற்றித் தேவதை நைக்கி. கனமாக மெழுகு பூசி அனுப்பியிருந்தார்கள். மெழுகுக்கு அடியிலிருந்து வெளிர்பச்சைத் தூள் கிளம்பியது. உள்ளே தங்கிய குப்ரஸ் குளோரைடு என்ற செம்பு உப்பு ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து அமிலமாகி மேலும் மேலும் செம்பைத் தின்கிறது. நல்ல பச்சைப் படலம் கெட்டியாக இருக்கும், பல்குச்சியால் சுரண்டினால் உதிராது. சந்தேகம் இருந்தால் மூடிய டப்பாவில் ஈரப் பஞ்சோடு, காசில் படாமல், ஒரு நாள் வைக்கவும். புதுப் புள்ளி வந்தால் நோய் உயிரோடு இருக்கிறது.

மருந்து உண்டு, பொறுமை வேண்டும். லென்ஸுக்கு அடியில் தூளைச் சுரண்டி எடுக்க வேண்டும். 5% சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில், கரைசலை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் அலசி முழுக்க உலர்த்திய பின், எத்தனாலில் கரைத்த 3% பென்சோட்ரையசோலில் 24 மணி நேரம் வைத்து, கடைசியாக நுண்மெழுகு பூச வேண்டும். பென்சோட்ரையசோல் விஷம், கையுறை இல்லாமல் தொடக்கூடாது. படலத்தின் நிறம் மாறும் வாய்ப்பும் உண்டு. பிறகு ஈரப்பதம் 40%-க்குக் கீழே, சிலிக்கா ஜெல்லோடு வைக்கவும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் போட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

"பழைய ஐரோப்பியச் சேகரிப்பு" என்பதற்கு ஏலச் சீட்டோ பில்லோ எதுவும் வரவில்லை. கிரீஸின் தொல்பொருள் சட்டமும் துருக்கியின் 2863-ஆம் சட்டமும் பழங்காசை நாட்டைவிட்டு எடுத்துப்போவதைக் கட்டுப்படுத்துகின்றன. சைப்ரஸ் நாணயங்களின் இறக்குமதிக்கு அமெரிக்கா 2007-லேயே கட்டுப்பாடு போட்டது. கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் கிரேக்கக் காசுகள் கிடைத்தது உண்மை என்பதற்காக, "கரூரில் எடுத்தது" என்று வாய்வார்த்தையாகச் சொல்வதையும் நம்பிவிடாதீர்கள். காகிதம் இல்லாத பூர்வீகத்துக்கு விலை கொடுக்க வேண்டாம்.

இரட்டைக் காசுகளை அருகருகே வைத்து எடுத்த படத்தையும் டாலமி காசின் தராசுப் படங்களையும் பார்த்தபின் அந்த மூன்றுக்கும் பணம் திரும்ப வந்தது. செதுக்கியதற்கும் நோய்க்கும் வரவில்லை, "தரம் என்பது பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது" என்று முடித்துக்கொண்டார். அவர் எழுதிய உத்தரவாதத்தில் "அசல்" என்ற ஒரு சொல்தான் இருந்தது, அந்த இரண்டும் அசல். ஆகவே பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: எடை, விட்டம், விளிம்புப் படம், "செதுக்கவோ மட்டமாக்கவோ இல்லை", "வெண்கல நோய் இல்லை", போலி என்றால் எத்தனை நாளானாலும் திருப்பி எடுப்பதாக ஒப்புதல். கார்டில் கட்டினால் வங்கியிடம் முறையிடவாவது வழி இருக்கும், நேரடிப் பணமாற்றத்தில் அதுவும் கிடையாது.