காற்றுக்குழாய் பால்புட்டி: கோலிக் அழுகைக்கு எவ்வளவு உதவும்?

கைக்குழந்தை காரணம் புரியாமல் நீண்ட நேரம் விடாமல் அழுவதைத்தான் கோலிக் என்கிறார்கள். ‘கோலிக் தடுக்கும்’ என்று விற்கும் பால்புட்டிகளில் நடுவில் காற்றுக்குழாய் உள்ள வகைக்கே எங்கள் ஓட்டு. குழந்தை உறிஞ்ச உறிஞ்ச, வெளிக்காற்று குழாய் வழியே புட்டியின் அடிப்பக்கம் போய்விடும். பாலோடு கலந்து வயிற்றுக்குள் போவது குறையும். நிப்பிளும் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளாது.

ஒழுகுகிறது என்பதுதான் பலருடைய புகார். பெரும்பாலும் உச்சக் கோட்டைத் தாண்டி ஊற்றியிருப்பார்கள், இல்லையென்றால் குழாயை மாட்டியபடியே சூடாக்கியிருப்பார்கள். சூட்டில் அழுத்தம் கூடி பால் குழாய்க்குள் ஏறிவிடும். சூடாக்கிய பிறகே குழாயை மாட்டுங்கள். பவுடர் பாலைக் குலுக்காமல் சுழற்றிக் கலக்குங்கள். நுரை வந்தாலே காற்றுதான். கவிழ்த்துப் பிடித்தால் நிப்பிளிலிருந்து சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், தாரையாக அல்ல.

கழுவுவதுதான் பெரும்பாடு. குழாய்க்கென்று வரும் மெல்லிய பிரஷ் இல்லாமல் உள்ளே படிந்த பால் போகாது. தூக்கக் கலக்கத்தில் அந்த வேலை ஆகவே ஆகாது. படுக்கும் முன்பே 3 செட் கழுவி, கொதிக்கவைத்து, உலர்த்தி வைத்துவிடுங்கள்.

ஒன்று: காற்று மட்டுமே கோலிக்குக் காரணமல்ல. அழுகை 6 வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் தானாகவே தணியும். அதுவரை இந்தப் புட்டி வாயுத் தொல்லையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவே. காய்ச்சலோ பச்சை நிற வாந்தியோ இருந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.