கிச்சன் தராசு: எடைக்கு ஓகே, அந்த மி.லி. பட்டனை மட்டும் நம்பாதீங்க

ஈரோட்டில் ஒரு பாத்திரக் கடையில் 400 ரூபாய்க்குள் வாங்கிய டிஜிட்டல் தராசு. 5 கிலோ வரை தாங்கும், கிராம் கிராமாகக் காட்டும். எடை சரியாகத்தான் போடுகிறது. பிரிக்காத ஒரு கிலோ உப்பு பாக்கெட்டை வைத்துப் பார்த்தேன், கவரோடு சேர்த்து நாலைந்து கிராம்தான் கூட.

வம்பே அந்த மி.லி. பட்டனில்தான். எடையும் அளக்கலாம், கொள்ளளவும் அளக்கலாம் என்று டப்பாவில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், கடையிலும் அதைச் சொல்லித்தான் தள்ளிவிடுகிறார்கள். உண்மையில் இது கொள்ளளவை அளப்பதே இல்லை. ஒரு மி.லி. தண்ணீர் ஒரு கிராம் என்ற கணக்கை வைத்துக்கொண்டு அதே எடையை மி.லி. என்று காட்டுகிறது, அவ்வளவுதான். தண்ணீருக்குச் சரி, ஆனால் அரிசிக்கு நடுநடுவே காற்றிடைவெளி இருக்கிறதே, ஒரு கிலோ அரிசி சுமார் 1.2 லிட்டர் இடத்தை அடைக்கும். இந்தத் தராசு 1000 மி.லி. என்று கூசாமல் சொல்லும்.

இதனால் என்ன ஆகும் என்றால், ஒரு கிலோ சீரக சம்பாவுக்கு என்று மசாலாவும் உப்பும் எடுத்து வைத்துவிட்டு, கிலோவும் லிட்டரும் ஒன்றுதானே என்று 200 மி.லி. டம்ளரில் ஐந்து டம்ளர் அரிசி அள்ளினால் 830 கிராம் பக்கம்தான் வரும், ஆறு டம்ளர் போட்டால்தான் கிலோ. பிரியாணி உப்புக் கரிக்கும்.

அதனால் மி.லி. பட்டனைத் தொடாமல், வீட்டு டம்ளரில் தலை தட்டி அளந்த அரிசியைக் கிராமில் ஒருமுறை எடை போட்டு, அரிசி டப்பா மூடியிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். பொன்னிக்குத் தனி, பாஸ்மதிக்குத் தனி. பாஸ்மதி நீளமாக இருப்பதால் அதே டம்ளரில் கொஞ்சம் குறைவாகவே நிற்கும். டம்ளரைக் குலுக்கித் தட்டினாலோ கோபுரமாக அள்ளினாலோ எடை ஏறிவிடும். ரைஸ் குக்கரோடு வருகிற கப் 180 மி.லி., அதில் 150 கிராம் அரிசி பிடிக்கும். அமெரிக்க சமையல் குறிப்பில் ஒரு கப் என்றால் 240 மி.லி. அளவு, அதற்கு 190, 200 கிராம் வரும். எல்லாம் கப்தான், ஆனால் ஒன்றுக்கு இன்னொன்று ஆகாது. பழைய படியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஊருக்கு ஊர் ஒரு அளவு.

தினப்படி சமையலுக்கு இது தேவையா என்றால் இல்லை. அரிசிம்பருப்பு சாதத்துக்கு அரிசி, பருப்பு, தண்ணீர் மூன்றையும் ஒரே டம்ளரில் அளந்துவிட்டால் விகிதம் தப்பாது, அது எத்தனை கிராம் என்று யாருக்கு வேண்டும்? தராசைப் பார்த்துவிட்டு எங்கள் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி), "அரிசிய நிறுத்துப் பாத்து ஒல வெக்கோணுமா கண்ணு?" என்று சிரித்தது. புது அரிசிக்குத் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்பதை எந்தத் தராசும் சொல்லாது, அமுச்சி சொல்லும். விசேஷத்துக்குக் கிலோக் கணக்கில் சமைக்கும்போதும், இட்லி மாவு அளவை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளவும் தராசு உதவுகிறது.

பாத்திரத்தை வைத்து 'டேர்' அமுக்கினால் அதன் எடை கழிந்துவிடுவது நல்ல வசதி. ஆனால் அலமாரியிலிருந்து உளுந்தை எடுத்து வருவதற்குள் தானாக அணைந்துவிடுகிறது, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஈஸ்ட், பெருங்காயம் மாதிரி இரண்டு மூன்று கிராம் சாமான்களுக்கென்று வாங்குவதானால் இது வேண்டாம், 0.1 கிராம் காட்டுகிற சின்னத் தராசாகப் பாருங்கள்.